நான்காவது பிடித்தம்

1

போன வாரம் கனடாவிலிருந்து எனக்கு ஒரு காசோலை வந்தது. முன்பு சவூதியில் என்னோடு ஒரே வார்டில் தாதியாக வேலை பார்த்த சிநேகிதி, என் மகன் அருணின் பிறந்தநாளுக்கென்று இருபத்தைந்து டொலருக்கு எழுதி, வாழ்த்து அட்டைக்குள் வைத்து அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை காலை அருணையும் கூட்டிக்கொண்டு பர்மிங்காமில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞன் காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிநாட்டுக் காசோலை என்பதால் மாற்றுவதற்குக் கட்டணம் உண்டு என்றான். எவ்வளவு என்று கேட்டேன். அவன் சொன்ன தொகையைக் கழித்தால் அருணுக்கு ஒரு சாண்ட்விச் வாங்கத்தான் மிஞ்சும்.

"அந்தக் கட்டண விவரத்தை அச்சில் காட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

எனக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். பதினைந்து வயது அருண் யாரோ ஒருத்தியோடு தவறுதலாக வந்துவிட்டவன் மாதிரி இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். "விடுங்கம்மா" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தான். இளைஞன் உள்ளே போய்த் தேடி, ஒரு சிறிய புத்தகத்தைக் கொண்டுவந்தான். நின்ற இடத்திலேயே அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்தேன். அவன் சொன்னது சரிதான். நன்றி சொல்லி, காசோலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று மாலையே அதை உறைக்குள் வைத்துச் சிநேகிதிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். 'வங்கிக்குக் கொடுப்பதைவிட நீயே வைத்திரு. நாங்கள் அங்கே வரும்போது அருணுக்கு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடு' என்று எழுதினேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அருண் கேட்டான். "இருபத்தைந்து டொலருக்காக எதற்கு இவ்வளவு?"

"உன் பெரியம்மாவாக இருந்தால் உட்காரக் கதிரை கேட்டிருப்பாள்" என்றேன்.

அவன் சிரித்தான். என் அக்கா லெச்சுமி அவனுக்குத் தொலைபேசியில் வரும் ஒரு குரல். "சுகமா பெரியம்மா" என்று கேட்பான். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ரிசீவரை என்னிடம் தந்துவிடுவான். அவனுக்கு அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று பல வருடங்களாக நினைக்கிறேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த உங்களுக்காவது சொல்லிவைக்கிறேன்.

2

நாங்கள் பொகவந்தலாவைப் பக்கத்து ஒரு தோட்டத்தில், பத்து ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக இருக்கும் லயமொன்றில் பிறந்தவர்கள். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்துவிட்டு, வயது வந்ததும் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்துகொண்டாள். நான் ஹட்டனுக்குப் போய்ப் படித்தேன், தாதியானேன், சவூதிக்குப் போனேன், பிறகு திருமணமாகிக் கணவரோடு இங்கிலாந்துக்கு வந்தேன். நான் படித்ததற்கும் அவள் படிக்காததற்கும் காரணம் ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் பஸ் கூலி இருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலம். லயத்தில் இருந்த குடும்பங்களுக்குத் தனி வீடு கட்டிக்கொள்ள ஆளுக்கு ஏழு பேர்ச், அதாவது ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி, நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். அக்காவுக்குக் கிடைத்தது மேல்பக்கம், வீதிக்கு அருகே. மழைத் தண்ணீர் நிற்காத, லொறி வந்து கல் இறக்கக்கூடிய இடம். ஆனால் ஒரு நிபந்தனை. சித்திரைக்குள் அத்திவாரம் போட்டாக வேண்டும். போடாதவர்களின் இடம் வேறு ஆட்களுக்குப் போகும், போடாதவர்களுக்குக் கீழே ஓடைப் பக்கத்துச் சரிவில்தான் கிடைக்கும்.

சேமித்த பணம் கல்லுக்கே போதாது என்று அக்கா எழுதியிருந்தாள். கேட்டு எழுதவில்லை, போதாது என்று மட்டும் எழுதியிருந்தாள். நான் முந்நூறு பவுண் சேர்த்தேன். அதை எப்படி அனுப்புவது என்பதில்தான் நான் கெட்டிக்காரியானேன். வங்கி மூலம் நேராக அனுப்பினால் இருபது பவுண் கேட்டார்கள். காசோலை எழுதித் தபாலில் போட்டால் முத்திரைச் செலவோடு முடிந்துவிடும் என்று வார்டில் ஒருத்தி சொன்னாள். அப்படியே செய்தேன். இருபது பவுணை மிச்சம் பிடித்துவிட்டேன் என்று அன்று இரவு உணவின்போது கணவரிடம் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

காசோலை பத்து நாளில் அக்காவின் கைக்குப் போய்விட்டது. அவள் ஒரு நாள் வேலையை விட்டு, வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய் வங்கியில் கொடுத்தாள். அங்கே வாங்க மறுத்துவிட்டார்கள்.

பெயர்தான் காரணம். அவளுடைய அடையாள அட்டையில், வங்கிப் புத்தகத்தில், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் எல்லாம் அவள் லெச்சுமி. அந்த உச்சரிப்புக்கு ஏற்றபடி ஆங்கில எழுத்துகளைப் போட்டிருப்பார்கள். நானோ 'லக்ஷ்மி' என்று எழுதியிருந்தேன். என் வார்டில் சென்னையிலிருந்து வந்த லக்ஷ்மி என்றொரு தாதி இருந்தாள். தினமும் அவள் பெயரை அட்டவணையில் எழுதி எழுதி, கை அந்த எழுத்துக்கே பழகிப்போயிருந்தது. கூடப்பிறந்தவளின் பெயரை நான் பிழையாக எழுதியிருக்கிறேன் என்பதை வங்கி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

காசோலை திரும்பி வந்து, நான் புதிதாக எழுதி, அது மறுபடி போய்ச் சேர ஒரு மாதம் ஆயிற்று. வங்கி அதை எடுத்துக்கொண்டது. ஆனால் இங்கிலாந்துக்கு அனுப்பிப் பணம் வந்த பிறகுதான் கையில் தருவோம் என்றது. அதற்கு ஏழு வாரம். சித்திரை வந்து போய்விட்டது. மேல்பக்கத்து இடமும் போய்விட்டது.

3

ஞாயிற்றுக்கிழமைகளில் பொகவந்தலாவைக் கடைவீதியில் இருந்த ஒரு தொலைபேசிக் கடைக்கு அக்கா வந்து காத்திருப்பாள். அவளுக்குப் பின்னேரம் நான்கு மணி, எனக்குக் காலை பதினொன்று. நான் தொலைபேசி அட்டை போட்டு அழைப்பேன். அந்த ஞாயிறு அவள் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

"காசு வந்திருச்சு கமலா. ஆனா முழுசா வரல."

"எடம் என்னாச்சுக்கா?"

"அது ஓடைக்கிட்டதான். பரவால்ல, தண்ணி தூக்க வேண்டியதில்ல. நீ காசக் கேளு. நாலு பிடித்தம் பிடிச்சிருக்காங்க."

வங்கி கொடுத்த ஆங்கிலச் சீட்டை அங்கே வேலை பார்த்த ஒரு தமிழ் அதிகாரி வாசித்துக் காட்டியிருக்கிறார். தரகு ஒன்று, தபால் செலவு ஒன்று, முத்திரை ஒன்று. இந்த மூன்றும் சில நூறு ரூபாய்கள். நான்காவது, வெளிநாட்டு வங்கிக் கட்டணம் என்று இரண்டாயிரத்துச் சொச்சம். அக்கா ஏறத்தாழ இருபது நாள் மலையேறிக் கொழுந்து பறித்தால் வருகிற கூலி அது. எட்டு மூட்டைச் சீமெந்துக்கு என்று அவள் ஒதுக்கியிருந்த பணமும் அதற்குள் இருந்தது.

கவுண்டரில் நடந்ததை அவள் அப்படியே சொன்னாள். அந்த அதிகாரியின் பெயர் யோகநாதன், யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர்.

"இது எந்த பேங்கு பிடிச்சதுங்க?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"இங்கிலாந்தில இருக்கிற வங்கி அம்மா. உங்கட தங்கச்சியின்ர வங்கி."

"அவங்க பிடிச்சதுக்குச் சீட்டு இருக்குங்களா?"

"அப்பிடிச் சீட்டு ஒண்டும் வாறேல்லை. இது வழமையா எடுக்கிறதுதான்."

"சீட்டு இல்லாம எப்படிங்க? எங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்கயில கழிப்பாங்க. கூடைக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவுன்னு நிறுக்கிற கண்டாக்கையா சொல்லித்தான் கழிப்பாரு. சம்பளத்துல பிடிச்சா எதுக்குப் பிடிச்சோம்னு துண்டுல இருக்கும். நீங்க பிடிக்கக்கூடாதுன்னு நான் சொல்லல. எதுக்குன்னு எழுதிக் குடுங்க, தமிழ்ல."

அவர் சுவரைக் காட்டியிருக்கிறார். அங்கே கட்டண விவரப் பலகை ஒன்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தொங்கியது. சிங்களம் அக்காவுக்குப் பேச வரும், வாசிக்க வராது.

"அதையும் தமிழ்ல எழுதிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இடமும் போய், காசும் குறைந்ததற்கு நான்தான் காரணம். "அக்கா, விட்டுரு. அந்த ரெண்டாயிரத்தை நான் அனுப்பிர்றேன்" என்றேன்.

"நீ அனுப்புனா அது உன் காசு. நான் கேக்குறது என் காசு. உன் பேங்குல போயி, நீங்க பிடிச்சீங்களா இல்லையான்னு கேட்டு எழுதி வாங்கி அனுப்பு."

"அவங்க எப்படி எழுதித் தருவாங்க?"

"கேட்டுப் பாத்தியா?"

கேட்டுப் பார்க்கவில்லை.

4

நோயாளியின் கையில் ஊசி ஏற்றும்போது நடுங்காத எனக்கு, இந்த நாட்டில் ஒரு கவுண்டருக்கு முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். விசா அலுவலகத்திலும், பள்ளிக்கூட அலுவலகத்திலும், தபாலகத்திலும்கூட அப்படித்தான். 'மன்னிக்கவும்' என்று ஆரம்பித்து, மன்னிப்புக் கேட்டே வெளியே வருவேன். அருண் குழந்தையாக இருந்தபோது அவனுடைய தடுப்பூசிப் புத்தகத்தில் பிறந்த தேதியைப் பிழையாக எழுதிவிட்டார்கள். திருத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு வருடம் அந்தத் தேதியையே எல்லா இடத்திலும் சொல்லித் திரிந்தவள் நான்.

அக்கா சொன்ன பிறகும் மூன்று நாள் கடத்தினேன். நான்காம் நாள் வேலை முடிந்ததும் சீருடையோடேயே வங்கிக்குப் போனேன். கவுண்டரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் இருந்தாள். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் அவளைக் கண்டதும் மறந்துபோயிற்று. எங்கள் பேச்சில் சம்பளத்தை வெட்டினார்கள் என்போமே, அதை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்து விட்டேன். "என் காசோலையை வெட்டினீர்களா?"

அவள் பதறிப்போனாள். "இல்லையே! யாரும் எதையும் வெட்டவில்லையே! கிழிந்துவிட்டதா?"

சில நிமிடங்கள் நானும் அவளும் கத்தரிக்கோலைப் பற்றிப் பேசினோம் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு பேனாவையும் காகிதத்தையும் எடுத்து முந்நூறு என்று எழுதி, அதிலிருந்து அம்புக்குறி போட்டு இலங்கை என்று எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கணினியில் பார்த்தாள். முழு முந்நூறும் போயிருக்கிறது, நாங்கள் ஒரு பென்ஸ்கூட எடுக்கவில்லை என்றாள்.

"அதை எழுதித் தர முடியுமா?"

"தாராளமாக" என்றாள். அவ்வளவுதான். மூன்று நாள் நான் பயந்த காரியம் அந்த ஒரு சொல்லில் முடிந்தது.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. பணம் கொடுக்கப்பட்ட நாள், தொகை, கட்டணம் எதுவும் அறவிடப்படவில்லை என்ற ஒரு வரி, கீழே கையெழுத்து. அதோடு காசோலையின் இரு பக்கத்துப் பிரதியும். அதைப் பதிவுத் தபாலில் அக்காவுக்கு அனுப்பினேன். உறையின் மேல் 'லெச்சுமி' என்று எழுத்துக் கூட்டி எழுதினேன்.

5

இதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை. எல்லாம் அக்கா செய்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சொன்னதும், பின்னொரு முறை நான் ஊருக்குப் போனபோது யோகநாதன் சொன்னதுமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

கடிதத்தை யோகநாதன் இரண்டு தரம் வாசித்தாராம். எழுந்து மனேஜரின் அறைக்குப் போய்விட்டு வந்து, "கொழும்புக்கு எழுதிக் கேக்க வேணும் அம்மா, கொஞ்ச நாள் எடுக்கும்" என்றிருக்கிறார். அக்கா முன்பே எடுத்துவைத்திருந்த பிரதியை நீட்டி, "இதுல கெடச்சதுன்னு ஒரு சீல் அடிச்சுக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மூன்று மாதத்தில் அவள் நான்கு முறை ஹட்டனுக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பேர் போயிற்று, அதாவது அன்றைய கூலி இல்லை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும்போது, "எங்க லெச்சுமி, பேங்குல வேல கெடச்சிருச்சா?" என்று கங்காணி கேலி செய்வாராம். அவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவாளாம்.

இரண்டாவது பயணத்தில்தான் ஒரு புதிய விஷயம் நடந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் டயகமவில் வாழ்க்கைப்பட்டு, இந்தப் பக்கம் தாய்வீட்டுக்கு வந்து போகிற மாரியாயி. அவளுடைய மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். மகள் அனுப்பும் டிராஃப்டை மாற்ற அதே வங்கிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அக்கா அவளுடைய பழைய சீட்டை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, தன் சீட்டிலுள்ள நான்காவது வரியின் எழுத்துகள் அவளுக்கு மனப்பாடம். அதே எழுத்துகள் அங்கேயும் இருந்தன.

அன்றிலிருந்து கோயிலடியிலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும், குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்திலும், யாருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் என்று விசாரிக்கத் தொடங்கினாள். சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டவர்கள் பலர். பத்திரமாக வைத்திருந்தவர்கள் மாரியாயியையும் சேர்த்து ஏழு பேர். ஏழு பேருடைய சீட்டிலும் நான்காவது வரி இருந்தது.

மூன்றாவது பயணத்தில் இந்த விஷயத்தை அவள் யோகநாதனிடம் சொன்னபோது அவர் சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறார். "அம்மா, நான் இஞ்ச சம்பளத்துக்கு நிக்கிறவன். உங்களுக்கு முறைப்பாடு எழுதித் தந்தா எனக்குக் கரைச்சல். ஆனா ஒண்டு சொல்லுறன். வெளிநாட்டு வங்கி உண்மையா எடுத்தா மட்டும்தான் அந்தக் காசை உங்களிட்ட எடுக்கலாம் எண்டு எங்கட சுற்றறிக்கையிலேயே கிடக்கு. அது எனக்கே நீங்க கேட்ட பிறகுதான் தெரியும். இவ்வளவு நாளும் நானும் பாக்காமல்தான் போட்டுக்கொண்டிருந்தனான்."

அக்கா அன்றிரவே எழுத உட்காராமல், ஞாயிறு பகல்வரை பொறுத்திருந்து, ஏழு பேரையும் தன் காம்பராவுக்குக் கூப்பிட்டு, அவர்கள் ஒவ்வொருவரும் சொல்லச் சொல்லத் தன் கைப்பட எட்டுக் கடிதம் எழுதினாள். ஐந்தாம் வகுப்புத் தமிழ். 'ஐயா அவர்களுக்கு, எங்கள் காசில் நான்காவதாகப் பிடித்தது எந்த வங்கி என்று எழுதித் தரவும். எழுதித் தர முடியாவிட்டால் காசைத் தரவும்.' எட்டிலும் அதே இரண்டு வரி. ஏழு பேர் கையெழுத்திட்டார்கள். மாரியாயி பெருவிரலில் மை தொட்டு வைத்தாள். எட்டையும் அக்கா வங்கிக்குத் தபாலில் அனுப்பினாள்.

6

நான்காவது பயணத்தில் அவளைக் கவுண்டரில் நிற்கவிடவில்லை. மனேஜர் தன் அறைக்கே அழைத்து உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது. சிங்களவர், நல்ல மனிதர்தான் என்று அக்கா சொன்னாள். கொழும்பிலிருந்து பதில் வந்துவிட்டது, தவறு நடந்திருக்கிறது, வருந்துகிறோம் என்றார். மேசையில் ஒரு உறையை வைத்தார். உள்ளே அந்த இரண்டாயிரத்துச் சொச்சம். பக்கத்தில் ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிச்சுச் சொல்லட்டும் மாத்தயா" என்று அவள் சிங்களத்தில் கேட்டாள்.

யோகநாதனைக் கூப்பிட்டார்கள். அவர் வாசித்தார். பணம் கிடைத்தது, இந்த விஷயத்தில் என் சார்பிலோ வேறு யார் சார்பிலோ இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, என்று இருந்தது. 'வேறு யார் சார்பிலோ' என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தாமதித்தது என்று அக்கா சொன்னாள்.

"மத்த ஏழு பேருக்கு?"

மனேஜர் பொறுமையாகச் சொன்னார். "அவர்களுடையதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உங்களிடம் உங்கள் தங்கையின் வங்கி தந்த கடிதம் இருக்கிறது. அவர்களிடம் அப்படி எதுவும் இல்லையே."

"அவங்ககிட்டச் சீட்டு இல்லைங்கிறீங்க. பிடிச்ச உங்ககிட்ட இருக்குங்களா?"

மனேஜர் தாளை அவள் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கி மேசையில் வைத்தாள். தேநீரை மட்டும் குடித்து முடித்தாள், வீணாக்குவது அவளுக்குப் பிடிக்காது. "காசு இங்கயே இருக்கட்டும் மாத்தயா. அவங்க காசு வர்ற அன்னைக்குச் சேர்ந்து வந்து வாங்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அப்போது ஓடைப் பக்கத்தில் சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. அடைமழை தொடங்க இன்னும் சில வாரங்களே இருந்தன. அந்த உறையில் இருந்த பணம் கூரைத் தகரத்துக்கு ஓரளவு உதவியிருக்கும். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா, அதாவது அக்காவின் கணவர், சாப்பிடாமலே படுத்துவிட்டாராம். மறுநாள் காலையில் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "கைக்கு வந்த காச மேசையில வெச்சிட்டு வந்த பொம்பளைய நான் பாத்ததில்ல" என்றாராம்.

"எனக்கும் வாங்கிக்கிட்டு வரணும்னுதான் இருந்துச்சு" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். "பஸ்ஸுல வரயில அழுதுகிட்டேதான் வந்தேன். ஆனா மாரியாயி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவள் அழுததை என்னிடம் சொன்னது இந்த ஒரு முறைதான்.

அந்த மழைக்குச் சுவரின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிச் சமாளித்தார்கள். சீமெந்து போதாமல் மண்ணால் எழுப்பிய சுவரின் ஒரு மூலை கரைந்து, அதை மாமா திரும்பக் கட்டினார்.

7

மழை விட்ட பிறகு எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் வரச் சொல்லி வங்கியிலிருந்து ஆள் வந்தது. எட்டுப் பெண்களும் வேலையை விட்டு ஒரே பஸ்ஸில் போனார்கள். பெரட்டில் ஏழு ஆள் குறைந்ததைப் பார்த்த கங்காணி அன்று கேலி பேசவில்லை. அவருடைய மருமகளும் அந்த எட்டில் ஒருத்தி.

அன்றைய நாளைப் பற்றி யோகநாதன் எனக்குச் சொன்னார். நான் ஊருக்குப் போனபோது அவருக்கு மாற்றம் கிடைத்து நுவரெலியாவில் இருந்தார். நன்றி சொல்லத் தேடிப் போனேன். அவர் என்னை உட்காரவைத்து அக்காவைப் பற்றியே பேசினார்.

"எட்டுப் பேரையும் வரிசையா விட்டம். பற்றுச்சீட்டு இங்கிலிசிலதான் இருந்தது. உங்கட அக்கா, ஒவ்வொருத்தருக்கும் வாசிச்சுச் சொன்ன பிறகுதான் கையெழுத்து எண்டு நிண்டுட்டா. சரியெண்டு நான் கவுண்டருக்கு வெளிய வந்து, எட்டுத் தரமும் தமிழில வாசிச்சன். அந்த மாரியாயி அம்மா, தன்ர பேரை வாசிச்சவுடனை கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கு வெக்கமாப் போச்சுது தங்கச்சி. அது அவவின்ர காசு. இருபத்திரண்டு வருசம் வங்கியில இருந்திட்டன். வாடிக்கையாளருக்கு வாசிச்சுக் காட்டிப் பணம் குடுத்தது அண்டைக்குத்தான்."

பலகையும் வந்தது. தமிழில், மற்ற இரண்டு மொழிகளின் அதே அளவில். 'காசோலை' என்பதைக் 'காசோளை' என்று எழுதியிருந்தார்கள். அக்கா அடுத்த முறை போனபோது அதையும் சொல்லித் திருத்த வைத்தாள்.

பணம் கிடைத்த ஞாயிறு நான் அழைத்தபோது கடைக்காரரே முதலில் எடுத்து, "உங்கக்கா பெரிய ஆளுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தார். நான் மகிழ்ச்சியில் ஏதேதோ பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஹட்டனுக்குப் போய்வந்த பஸ் கூலி, போன நாட்களின் சம்பளம், பிரதியெடுத்த செலவு.

"ஏன்க்கா, பஸ் கூலியும் பேரும் சேத்தாக் கிட்டத்தட்ட அந்தக் காசு அளவுக்கே வந்திருக்குமே?"

"ஆமா. அதையும்தான் எழுதிக் கேட்டேன்."

"பேங்குகிட்டயா?"

"பின்ன? தப்பு அவங்களது, பஸ்ஸு என்னதா?"

"குடுத்தாங்களா?"

"குடுக்கல" என்றாள். குரலில் வருத்தம் துளியும் இல்லை. "குடுக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. தமிழ்ல. இரு, படிக்கிறேன்."

காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. அட்டையில் எத்தனை நிமிடம் மீதம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அவள் 'அன்புடையீர்' என்பதிலிருந்து, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிப்பவளைப் போல, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். தங்களது போக்குவரத்துச் செலவையும் நாட்கூலியையும் ஈடுசெய்ய எமது வங்கியின் விதிகளில் இடமில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம்.

"வருத்தத்துடன்னு போட்டிருக்காங்க பாரு" என்று நிறுத்திச் சொன்னாள்.

பிறகு மனேஜரின் பெயரையும், பதவியையும், சீலில் இருந்த எழுத்துகளையும் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, "சரியா கேட்டுச்சா?" என்றாள். கேட்டது என்று சொன்னேன். இருந்தாலும் இன்னொரு தரம் படிக்கிறேன் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.